பனிச்சரிவும் நெய்யூர் மருத்துவரும்

நுழையும்முன்

பனி பொழியாத நிலத்தில் வாழும் நமக்குப் பனிமலை என்பது கண்ணுக்கு இனிய ஓர் ஓவியம். ஆனால், புதிதாகப் பொழிந்த பனி, அமைதியான தோற்றத்தின் உள்ளே உயிர் பறிக்கும் ஆற்றலை மறைத்து வைத்திருக்கிறது. எவரெஸ்ட்டின் பனிச்சரிவில் உடன் வந்தோரை இழந்த ஒருவர், அதே ஆண்டில் தமிழ் மண்ணைக் கண்டார். பின்னர் தம் வாழ்வின் பெரும்பகுதியை நம் மக்களின் நோய் தீர்ப்பதற்கே அளித்தார். மலையேறும் வீரராகவும் அறுவை மருத்துவராகவும் விளங்கிய தியோடர் ஹோவர்ட் சோமர்வெல்லின் வரலாறு இது.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில், குன்றுகளும் ஏரிகளும் சூழ்ந்த கெண்டல் என்னும் ஊரில் 1890ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் சோமர்வெல் பிறந்தார். அவருடைய குடும்பத்தினர் காலணி உற்பத்தித் தொழிலில் பெயர் பெற்றவர்கள். செல்வச் செழிப்பில் வளர்ந்தபோதும் அவருடைய உள்ளம் வணிகத்தில் நாட்டம் கொள்ளவில்லை. பிறந்த ஊரைச் சூழ்ந்திருந்த குன்றுகளே அவருக்கு முதல் ஆசிரியர்களாயின. பாறைகளில் ஏறும் பயிற்சியை இளமையிலேயே பெற்றார். ஓவியமும் இசையும் அவருடைய ஓய்வுப் பொழுதை நிறைத்தன.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்று முதல் வகுப்பில் தேறினார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவம் கற்றார். அவர் மருத்துவராக உருவெடுத்த காலத்தில்தான் முதல் உலகப்போர் மூண்டது.

போர்க்களம் தந்த பாடம்

இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து பிரான்சு நாட்டில் பணியாற்றினார் சோமர்வெல். 1916ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கிய சோம் போர், உலக வரலாற்றின் கொடிய போர்களுள் ஒன்று. காயமுற்ற வீரர்கள் மருத்துவக் கூடாரங்களுக்குள் இடமின்றி வெளியே வயல்வெளியில் வரிசை வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தனர். அறுவை மருத்துவர்களோ மிகச் சிலர். யாரைக் காப்பாற்ற இயலும், யாரைக் காப்பாற்ற இயலாது என்பதை ஒரு நொடியில் முடிவு செய்யவேண்டிய கொடுமை அந்த இளம் மருத்துவர்மீது சுமத்தப்பட்டது. அவ்வாறு கிடந்தவர்களுள் எவரும் தமக்கே முதலில் மருத்துவம் செய்யவேண்டும் என்று கேட்கவில்லை. இதை அவர் பிற்காலத்தில் நெகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்துள்ளார். போரின்மீது அவருக்கு ஏற்பட்ட வெறுப்பு வாழ்நாளின் இறுதிவரை மாறவில்லை.

புதுப்பனியின் இயல்பு

சோமர்வெல்லின் வாழ்வில் அடுத்து நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ளப் பனியின் இயல்பை முதலில் அறிய வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்தின் மக்காச்சோளக் களங்களைப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை நன்கு விளங்கும். குவியலின்மேல் மணிகளைக் கொட்டக் கொட்ட அது உயர்ந்துகொண்டே செல்லும். சாய்வு ஓர் அளவைக் கடந்தவுடன் மணிகள் தாமே சரிந்து இறங்கும். எறையூர் ஆலையில் உருவாகும் சர்க்கரையைக் குவித்தாலும் இதே நிலைதான். பொதியாக நிற்கும் எந்தத் துகளுக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு.

பனிக்கும் அவ்வெல்லை உண்டு. ஆயினும், சோளக் குவியலுக்கும் பனிச்சரிவுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. சோளம் மேலிருந்து மணி மணியாகச் சரியும். பனியோ அடுக்கடுக்காகப் படியும் இயல்புடையது. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. பழைய பனி வெயிலில் உருகி, இரவில் உறைந்து, கண்ணாடிபோல் வழுவழுப்பாக இறுகியிருக்கும்போது அதன்மேல் புதுப்பனி விழுந்தால் இரண்டும் எளிதில் ஒட்டுவதில்லை. காற்று அடித்துக்கொண்டுவந்து சேர்க்கும் பனி, மேலே பலகைபோல் இறுகிவிடும். இவ்வாறு வலுவற்ற அடுக்கின்மேல் வலுவான பாளம் ஒன்று அமர்ந்துவிட்டால், மலைச்சரிவு முழுவதும் விரித்த பொறியாகிறது. அதன்மேல் ஒருவர் காலடி வைப்பதே போதும்; பிளவு நொடிப்பொழுதில் நெடுந்தொலைவு ஓட, பாளம் முழுவதும் ஒருசேரப் பெயர்ந்து இறங்கும்.

பெரும்பாலான பனிச்சரிவுகள் ஏறத்தாழ 30 முதல் 45 பாகை வரை சாய்வுடைய இடங்களில்தான் நிகழ்கின்றன. இதைவிடச் செங்குத்தான இடங்களில் பனி பெரிய அளவில் தங்குவதில்லை. சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும். மலையேறுவோருக்கு ஏற ஏற்றதாகத் தோன்றும் சாய்வே, பனிச்சரிவுக்கும் ஏற்ற சாய்வாக அமைந்துவிடுகிறது. கடும் பனிப்பொழிவுக்குப் பின்வரும் முதல் இரண்டொரு நாள்கள் மிகுந்த இடருடையவை. வானம் தெளிந்து, வெயில் எழுந்து, மலை வெள்ளியாய் ஒளிரும் அந்த நாள்களில்தான் மனிதர்களுக்கு ஏறும் ஆவலும் மிகுகிறது. காலடியில் பனி தாழ்ந்து அமிழும் ஓசை, காலடியிலிருந்து நீண்டோடும் விரிசல், பக்கத்துச் சரிவுகளில் புதிதாகச் சரிந்த தடம் ஆகியன மலை தரும் எச்சரிக்கைகள். ஆனால், மலை எப்போதும் எச்சரித்துவிட்டே தாக்கும் என்று நம்புவதற்கில்லை.

1922 ஜூன் 7

எவரெஸ்ட் சிகரத்தை எட்டும் நோக்குடன் 1922ஆம் ஆண்டு பிரித்தானியக் குழு ஒன்று திபெத்து வழியாகப் புறப்பட்டது. தலைவர் சார்லஸ் புரூஸ். புகழ்பெற்ற மலையேற்ற வீரரான ஜார்ஜ் மல்லோரியும் 32 வயது நிரம்பிய சோமர்வெல்லும் அக்குழுவில் இடம்பெற்றனர். மே 21ஆம் நாள் மல்லோரி, சோமர்வெல், நார்ட்டன் ஆகிய மூவரும் உயிர்வளிக் கருவியின் துணையின்றி 8,200 மீட்டருக்கும் மேலான உயரத்தை அடைந்தனர். அதுவரை எந்த மனிதரும் மலைமீது அத்துணை உயரம் ஏறியதில்லை. சில நாள்களில் உயிர்வளிக் கருவியைப் பயன்படுத்திய ஃபிஞ்சும் ஜெஃப்ரி புரூசும் அதனினும் உயரம் சென்று திரும்பினர்.

பருவமழைக் காலம் நெருங்கிவிட்டது. இமயத்தின் உயரங்களில் அம்மழை பனியாகவே பொழியும். ஆயினும், மூன்றாவது முயற்சி ஒன்று மேற்கொள்ளப்பட்டது. ஜூன் மாதத் தொடக்கத்தில் கடும்பனி பொழிந்தது. பின்னர் வானம் தெளிந்தது. ஒருநாள் பொறுத்திருந்த குழுவினர், ஜூன் 7ஆம் நாள் காலையில் வடக்குக் கணவாயை நோக்கிப் புறப்பட்டனர். மல்லோரி, சோமர்வெல், கிராஃபோர்டு ஆகிய மூவருடன் சுமை தூக்குவோர் 14 பேர் சென்றனர். அனைவரும் நான்கு கயிறுகளில் பிணைக்கப்பட்டிருந்தனர்.

அவர்கள் எச்சரிக்கையின்றிச் செல்லவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. ஏற்றத்தின் தொடக்கத்திலிருந்த செங்குத்தான சரிவில் பனி பெயர்கிறதா என்று சோதித்துப் பார்த்தனர். பனி அசையவில்லை. செங்குத்தான இடத்திலேயே நிலைத்து நிற்கும் பனி, சாய்வு குறைந்த இடத்தில் பெயராது என்று நம்பி மேலே நடந்தனர். அந்த நம்பிக்கையே பிழையாயிற்று. ஓரிடத்தின் பனி மற்றோர் இடத்தின் பனிக்குச் சான்றாகாது.

கணவாயை எட்ட இன்னும் சுமார் 180 மீட்டர் உயரமே எஞ்சியிருந்த பிற்பகல் வேளையில், வெடியோசை போன்ற ஒலி எழுந்தது. அடுத்த நொடியில் சரிவு முழுவதும் நகரத் தொடங்கியது. முன்கயிற்றில் இருந்த சோமர்வெல்லும் பிறரும் பனியில் புதையுண்டு இழுபட்டனர். சரிவு நின்றபின் தாமே போராடி வெளியேறினர். அவர்களுக்குப் பின்வந்த கயிற்றினரும் பிழைத்தனர். ஆனால், எஞ்சிய இரு கயிறுகளில் இருந்த ஒன்பது பேரும் பனிச்சுவர் ஒன்றின் விளிம்பைத் தாண்டி, அதன் அடியிலிருந்த பிளவுக்குள் வீழ்ந்தனர். அவர்கள்மேல் பனி குவிந்தது. தோண்டி எடுத்தபோது இருவர் மட்டுமே உயிருடன் இருந்தனர். ஏழு பேர் மாண்டனர்.

மாண்ட எழுவரும் சுமை தூக்க வந்தவர்கள். சிகரத்தை அடைந்திருந்தால் புகழ் அவர்களைச் சேர்ந்திருக்காது. இடர் மட்டும் அவர்களைச் சேர்ந்தது. தோழர்களின் விருப்பப்படி அவர்கள் மலையிலேயே விடப்பட்டனர். அவர்களின் நினைவாகக் கற்குவியல் ஒன்று எழுப்பப்பட்டது. கடும்பனி பொழிந்த சின்னாள்களிலேயே ஏற முற்பட்டதைக் குழுவினருள் சிலரே குறைகூறினர். மல்லோரி அப்பழியைத் தம்மீது ஏற்று வருந்தினார். சோமர்வெல்லை வாட்டிய எண்ணம் வேறு. இறந்தோர் அனைவரும் ஷெர்ப்பாக்கள் உள்ளிட்ட மலைவாழ் மக்களாக இருக்க, அவர்களை அழைத்து வந்த தம்மவருள் ஒருவரும் அந்த இழப்பில் பங்குபெறாமல் தப்பியது அவர் நெஞ்சை அறுத்தது. தம்முள் ஒருவரேனும் அவர்களோடு இறந்திருக்கலாகாதா என்று ஏங்கியதாக அவர் பின்னாளில் எழுதினார்.

குமரி மண்ணில் ஒரு முடிவு

குழு கலைந்தபின் சோமர்வெல் உடனே நாடு திரும்பவில்லை. இந்தியாவைக் கண்டுசெல்ல விரும்பி வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பயணம் செய்தார். அப்பயணம் அவரை நாகர்கோவிலுக்கு மேற்கே உள்ள நெய்யூருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஒரு பகுதி. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. இலண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவமனை அங்குப் பல்லாண்டுகளாக நடைபெற்று வந்தது.

அங்கு அவர் கண்ட காட்சி, சோம் போர்க்களத்தை நினைவூட்டுவதாக இருந்தது. நோயாளிகள் திரளாகக் காத்திருந்தனர். அறுவை செய்யத் தகுதி பெற்ற மருத்துவரோ ஒருவரே. சில நாள்கள் அவருக்கு உதவியாக நின்று அறுவை செய்தார் சோமர்வெல். எளிய அறுவையால் தீரக்கூடிய நோய்களால் மனிதர்கள் மடிவதைத் தம் கண்ணால் கண்டார். இலண்டனில் அவருக்குப் பெருமைமிக்க மருத்துவப் பணி காத்திருந்தது. அதைத் துறந்து நெய்யூரிலேயே பணியாற்ற முடிவு செய்தார். இங்கிலாந்து சென்று தம் முடிவைத் தெரிவித்துவிட்டு, 1923ஆம் ஆண்டு நெய்யூருக்குத் திரும்பிவந்தார்.

மீண்டும் அதே சரிவு

1924ஆம் ஆண்டு எவரெஸ்ட்டுக்கு மற்றுமொரு குழு புறப்பட்டது. நெய்யூரிலிருந்து சென்று சோமர்வெல் அதில் இணைந்தார். புரூஸ் நோயுற்றதால் நார்ட்டன் தலைமை ஏற்றார். மே மாதத்தில் கடும்பனியும் குளிரும் குழுவினரைத் தாக்கின. அந்நிலையில் வடக்குக் கணவாயின் மேலிருந்த முகாமில் சுமை தூக்குவோர் நால்வர் கீழிறங்க அஞ்சி அங்கேயே தங்கிவிட்டனர். சிலருக்குக் கைகால்கள் பனியால் பாதிக்கப்பட்டிருந்தன. அவர்களுக்கும் கீழிருந்தோருக்கும் இடையே புதுப்பனி போர்த்த சரிவு கிடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுவரை விழுங்கிய அதே மலைமுகம் அது.

இப்போது குழுவின்முன் நின்ற வினா எளிதன்று. மேலே செல்வது, 1922இல் செய்த அதே செயலை மீண்டும் செய்வதாகும். செல்லாதிருப்பதோ, நால்வரைச் சாகவிடுவதாகும். சிகரத்தை எட்டும் வலிமையைச் சேமித்து வைக்கவேண்டிய நேரமும் அதுவே. நார்ட்டன், மல்லோரி, சோமர்வெல் ஆகிய மூவரும் மே 24ஆம் நாள் மேலே புறப்பட்டனர். முன்பு இடரை நோக்கி மனிதர்களை அழைத்துச் சென்ற பாதையில், இம்முறை இடரிலிருந்து மனிதர்களை மீட்கச் சென்றனர்.

இறுதியாகக் கடக்கவேண்டிய குறுக்குச் சரிவே மிகவும் அச்சமூட்டியது. அதில் முதலில் செல்லும் பொறுப்பைச் சோமர்வெல் ஏற்றார். மற்ற இருவரும் பின்னிருந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வோர் அடியாகப் படியமைத்து முன்னேறினார். நால்வரையும் எட்டச் சில மீட்டர்களே இருந்தபோது கயிறு தீர்ந்துவிட்டது. இருவர் துணிந்து நடந்துவந்து அவரைச் சேர்ந்தனர். எஞ்சிய இருவரும் ஒருசேர அடியெடுத்து வைத்தபோது பனி பெயர்ந்தது. அவர்கள் சறுக்கிச் சென்று, பள்ளத்தின் விளிம்புக்குச் சற்று மேலே எவ்வாறோ நின்றனர்.

அவர்களை அசையாதிருக்கச் சொன்ன சோமர்வெல், பனிக்கோடரியை ஆழமாக ஊன்றினார். தம் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து அக்கோடரியில் சுற்றினார். கயிற்றின் முனையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறு கையை இயன்றவரை நீட்டி, இருவரையும் ஒருவர்பின் ஒருவராகப் பற்றி இழுத்து மேலே சேர்த்தார். நால்வரும் உயிர் பிழைத்தனர். இருள் சூழ்ந்தபின் அனைவரும் கீழ் முகாமை அடைந்தனர்.

ஜூன் 4ஆம் நாள் நார்ட்டனும் சோமர்வெல்லும் சிகரத்தை நோக்கி முயன்றனர். வறண்ட கடுங்காற்றால் சோமர்வெல்லின் தொண்டை புண்ணாகியிருந்தது. ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தில் அவர் நின்றுவிட, நார்ட்டன் மட்டும் மேலும் சென்று 8,573 மீட்டரை எட்டித் திரும்பினார். இறங்கும் வழியில் சோமர்வெல்லின் மூச்சுக்குழல் முற்றிலும் அடைத்துக்கொண்டது. இறப்பு உறுதியென எண்ணி அமர்ந்த அவர், இறுதி முயற்சியாகத் தம் மார்பைக் கைகளால் அழுத்தினார். பனியால் பாதிக்கப்பட்டிருந்த தொண்டையின் உட்சவ்வு பெயர்ந்து வெளிவந்தது, மூச்சு மீண்டது. சில நாள்களில், ஜூன் 8ஆம் நாள், மல்லோரியும் இளைஞர் இர்வினும் சிகரத்தை நோக்கிச் சென்று திரும்பாமலே போயினர். சோமர்வெல் கொடுத்தனுப்பிய சிறிய ஒளிப்படக் கருவியும் அவர்களோடு மறைந்தது.

நோய் தீர்த்த கைகள்

எவரெஸ்ட் அவரைப் புகழின் உச்சியில் நிறுத்தியது. அவரோ நெய்யூரின் மருத்துவமனைக் கூடத்திற்குத் திரும்பினார். 1925ஆம் ஆண்டு மார்கரெட் ஹோப் சிம்ப்சனை மணந்தார். இரைப்பை, சிறுகுடல் புண்களுக்கான அறுவையில் பெருந்திறன் பெற்றார். அந்நோயால் துன்புற்ற ஏழை உழைப்பாளர்கள் நெடுந்தொலைவிலிருந்து அவரை நாடி வந்தனர். தொழுநோயாளிகளின் நலனிலும் அக்கறை செலுத்தினார்.

மலையில் கற்ற ஒழுங்கு, மருத்துவத்திலும் அவருக்குத் துணைநின்றது எனலாம். குறைந்த கருவிகள், குறைந்த நேரம், பிழைக்கு இடமில்லாத நிலை ஆகிய மூன்றும் பனிச்சரிவுக்கும் அறுவைக் கூடத்துக்கும் பொதுவானவை. அவருடைய தொண்டைப் பாராட்டி ஆங்கில அரசு கைசர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது. 1949ஆம் ஆண்டு முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்தார். ஒருவர் இரு கைகளால் செய்யும் பணியைப் பலநூறு கைகள் தொடரும் வகையில் மாணவர்களை உருவாக்கினார். 1961இல் ஓய்வு பெற்றுத் தாயகம் சென்றார்.

ஓவியமும் இசையும் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. இமயத்தின் நீர்வண்ண ஓவியங்கள் பலவற்றை வரைந்தார். பயணத்தில் கேட்ட திபெத்திய இசையைக் குறிப்பெடுத்து, எவரெஸ்ட் பற்றிய திரைப்படத்திற்குப் பயன்படுமாறு செய்தார். உலகின் முதல் மலையேற்றச் சங்கமான ஆல்பைன் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். 1975ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் தம் 84ஆம் வயதில் மறைந்தார். திருவனந்தபுரம் மாவட்டம் காரக்கோணத்தில் அவருடைய பெயரால் ஒரு மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது.

இன்றும் தொடரும் பாடம்

பனிச்சரிவுகள் இன்றும் ஓயவில்லை. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் எவரெஸ்ட்டின் தென்புறத்தில் பெயர்ந்து விழுந்த பனி, மலையேறுவோருக்காகப் பாதை அமைத்துக்கொண்டிருந்த நேபாளத் தொழிலாளர் 16 பேரின் உயிரைப் பறித்தது. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சின் பனியாற்றில், சுமார் 19,600 அடி உயரத்திலிருந்த காவல்முகாமைப் பனி மூடியபோது, மதராஸ் படைப்பிரிவின் வீரர்கள் 10 பேர் அதில் சிக்கினர். அவர்களுள் தமிழகத்தின் மைந்தர்களும் இருந்தனர். ஆறு நாள்களுக்குப் பின் ஒருவர் உயிருடன் மீட்கப்பட்டும், அவரையும் காப்பாற்ற இயலவில்லை. வெயில் நிலத்தில் பிறந்தோருக்கும் பனிச்சரிவு அயலானதன்று என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

பனியைப் பற்றிய அறிவியல் இன்று வளர்ந்துள்ளது. பனி அடுக்குகளை வெட்டி ஆராய்கின்றனர். இடர் அளவை நாள்தோறும் அறிவிக்கின்றனர். புதையுண்டவரைக் கண்டறியும் கருவிகளை மலையேறுவோர் உடன் கொண்டுசெல்கின்றனர். புதையுண்டவர் முதல் கால்மணி நேரத்திற்குள் மீட்கப்பட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அதன்பின் அவ்வாய்ப்பு விரைந்து குறைகிறது. எனவே, உடன் வருவோரே முதல் மீட்பர் ஆகின்றனர். ஆயினும், எல்லாக் கருவிகளினும் மேலானது ஒன்று உண்டு. புதுப்பனி பொழிந்தபின் காத்திருக்கும் பொறுமையே அது.

சோமர்வெல் அப்பொறுமையின் விலையை ஏழு உயிர்களின் இழப்பில் அறிந்தார். அறிந்தபின்னும் 1924இல் அதே சரிவில் அவர் கால்வைத்தது முரண்போலத் தோன்றலாம். சிகரத்திற்காக இடரை ஏற்பது வேறு; சக மனிதரின் உயிருக்காக இடரை ஏற்பது வேறு. முன்னதில் அடுத்தவரின் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை. பின்னதில் நம் உயிரைப் பணயம் வைக்க நமக்குக் கடமையுண்டு. இந்த வேறுபாட்டை உணர்ந்தவர் அவர். மலைமீது நால்வரை நோக்கி நீண்ட அந்தக் கை, நெய்யூரிலும் வேலூரிலும் பல்லாயிரவரை நோக்கி நீண்டது.

கற்பவை கற்றபின்

1. புதுப்பனி பொழிந்த சரிவு இடருடையதாவது ஏன் என்பதை, உங்கள் ஊரில் காணும் பொருள்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு வகுப்பில் விளக்குக.

2. 1922ஆம் ஆண்டு நிகழ்வையும் 1924ஆம் ஆண்டு நிகழ்வையும் ஒப்பிட்டு, இரண்டிலும் எடுக்கப்பட்ட முடிவுகள் குறித்துக் கலந்துரையாடுக.

3. பெரும்புகழ் பெற்ற செயல்களுக்குப் பின்னால் பெயர் அறியப்படாமல் உழைத்தோர் குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.